உலரப் போட்ட அட்டைப்படம்

"எத்தினி அடிண்ணா?"

இசைக்காரர்களுக்காக ஒரு பத்திரிகை கொண்டுவரப் போகிறோம், நீங்கள்தான் வடிவமைத்துத் தர வேண்டும் என்று நான் சொல்லி முடித்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி இது. தம்பி என்றால் கூடப் பிறந்தவரில்லை. கள்ளக்குறிச்சியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர். மீசையில் நரை ஏறிவிட்டது. என்னைவிடச் சில வயது இளையவர் என்ற ஒரே காரணத்தால் எனக்கு இன்னமும் தம்பி. அவருக்கு உலகம் அடிக்கணக்கில்தான் இருந்தது. கல்யாணம் பத்துக்கு எட்டு. காதுகுத்து எட்டுக்கு ஆறு. சாவு ஆறுக்கு நாலு.

நான் ஒரு வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோதானா? வண்டியில போய்க்கினே எவன்ணா இத படிப்பான்?"

"உக்காந்து படிப்பாங்க தம்பி."

"உக்காந்தா!" என்றார், நான் ஏதோ வெளிநாட்டு வழக்கத்தைச் சொல்லிவிட்டதுபோல.

அப்படித்தான் அது தொடங்கியது. எனக்கு அப்போதே அலுப்பாக இருந்தது. அதற்கு முன் நான் தொடங்கிய சிற்றிதழ்கள் எல்லாம் ஒரே பாதையில் நடந்தவை. முதல் இதழில் உலகத்தை அழைத்தன. இரண்டாம் இதழில் தாமதத்துக்கு வருந்தின. மூன்றாவதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் மறுபடியும் ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கும் கடைக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் உட்கார முடியாத கால்கள் எனக்கு. மனமும் அப்படியே. ஆனால் நடந்து நடந்து கால்கள் ஒருநாள் களைத்துவிடுகின்றன. மனம்தான் களைத்த பிறகும் நடக்கிறது.

ஆசை என்னுடையதுகூட இல்லை, டீச்சருடையது. டீச்சர் கணக்கு நடத்துபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். ஒருநாள் தேநீர்க்கடை வாசலில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டிசம்பர் கச்சேரிய பத்தி எழுத மெட்ராஸ்ல ஆயிரம் பேர் இருக்காங்க சார். ஆடி மாசம் நம்ம பக்கம் வாசிக்கிறவங்கள பத்தி எவன் எழுதறான்? நீங்கதான் சும்மா ஆகாசத்தையும் ஆத்தையும் எழுதிக்கினு இருக்கீங்களே, இத எழுதினா இன்னா?"

சரி என்றேன். என் வாழ்க்கையில் பாதி, பதில் தெரியாமல் சரி என்று சொன்னதால் வந்தது.

ஆக மூன்று பேர். பேண்டு செட், நாதஸ்வரம், சர்ச் கொயர், மலையில் மத்தளம் அடிப்பவர்கள், கோயில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டுப் பாடும் ஆர்கெஸ்ட்ராக்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்தோம். அதைத் திட்டமிட்டது முழுக்கவும் அந்த ஃப்ளெக்ஸ் கடையில்தான். உள்ளே அச்சு இயந்திரம் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும். மை வாசனை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். தலையங்கம் எத்தனை பக்கம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது செருப்போடு உள்ளே வந்து, செல்போனை நீட்டி, "மாமா போய்ட்டாரு, சாயங்காலம் எடுக்குறோம், அதுக்குள்ள வேணும்" என்பார்கள். தம்பி எங்களை அப்படியே விட்டுவிட்டு மாமாவைச் செய்வார். மாமாவின் தோளில் கை போட்டிருந்த இன்னொருவரை வெட்டி எடுத்துவிட்டு, லுங்கியை வேட்டியாக்கி, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குவார். பிறகு திரும்பி, "சொல்லுங்க டீச்சர், தலையங்கம்" என்பார்.

இப்படி ஒரு சாவுக்கும் ஒரு காதுகுத்துக்கும் நடுவில் கிடைத்த இடைவெளிகளில் எங்கள் பத்திரிகை வளர்ந்தது.

தம்பியோடு எனக்குப் பெரிய சண்டை காலி இடத்துக்காகத்தான். அவர் தொழிலில் காலி இடம் என்பது குற்றம். காசு கொடுக்கிறவர் ஒவ்வொரு அங்குலத்திலும் ஒரு முகம் கேட்பார். சித்தப்பா முகம் இல்லையென்றால் சித்தப்பா கல்யாணத்துக்கே வரமாட்டார். அதனால் முதல் பக்கத்தை அவர் வடிவமைத்துக் காட்டியபோது, என் தலையங்கத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வீணை, மயிலிறகு, பறக்கும் ஸ்வரக் குறிகள், மேலே இரண்டு புறாக்கள்.

"புறா எதுக்கு தம்பி?"

"சும்மா இருந்திச்சிண்ணா அந்த எடம்."

"சும்மா இருக்கட்டும்."

"எடம் சும்மா இருந்தா கஸ்டமரு துட்டு கம்மி பண்ணுவான்ணா."

"இங்க யாரும் கஸ்டமர் இல்ல. சும்மா விடுங்க. கண்ணு மூச்சு விடணும்."

கண் எப்படி மூச்சு விடும் என்று டீச்சரைப் பார்த்தார். டீச்சர், "கவிஞர் சொல்றாரு, விட்டுடுங்க" என்றார். அது கிண்டலா ஆதரவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் வாரங்கள் போகப் போகத் தம்பியிடம் ஒன்று நடந்தது. பேருந்து நிலையக் கடையில் தொங்கும் வார இதழ்களைச் சாயங்காலங்களில் நின்று பார்க்கத் தொடங்கினார். வாங்கவில்லை, பக்கங்களை மட்டும் பார்த்தார். ஒரு புறாவை எடுத்தார். மறுநாள் இன்னொன்றையும் எடுத்தார். ஓரம் விடக் கற்றுக்கொண்டார். ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் நடுவில் ஒரு வரி அகலம் விட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். வெளியே ஒருவர் தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்காகக் காத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் மெல்லச் சொன்னார்.

"நான் போடுறதெல்லாம் மூணே நாள்ண்ணா. அப்பால எவன் வைக்கப்போரு மேலயோ கெடக்கும். ஆட்டுக் கொட்டாயில கட்டியிருப்பான். பூரா மூஞ்சியும் மழையில நனையும். இது ஒண்ணாவது எவன் வூட்டு அலமாரியிலயாவது இருக்கட்டும்."



முதல் இதழின் அட்டைக்கு யார் என்பதில் எங்களுக்குள் தகராறு வரவில்லை. நைனார்பாளையத்தில் ஆர்கெஸ்ட்ரா நடத்தும் பாடகி. எங்களைவிடச் சற்று மூத்தவர், மூன்று பேருக்குமே அக்கா. பெண்ணாக இருந்து தன் பெயரிலேயே ஒரு குழுவைக் கட்டி மேய்ப்பவர் இந்தப் பக்கம் எங்களுக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். பேட்டிக்கு மூவருமாகப் போனோம். கொல்லையில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"மேக்கப் போட்டுக்கினு வரட்டுமா?"

"வேணாங்க்கா, இப்படியே இருங்க" என்றேன்.

"இப்படியேவா? உங்க புக்கு ஓடுமா?"

அந்தப் பகல் முழுக்கப் பேசினார். பாட்டைப் பற்றிக் கொஞ்சம், தொழிலைப் பற்றி நிறைய. கீபோர்டுக்காரர், மின்சார டிரம் பேடு அடிப்பவர், கிதார், ஆண் குரல் என்று குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் குடும்பஸ்தர்கள். மற்ற மாதங்களில் ஒருவர் பெயின்ட் அடிக்கிறார், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார்.

"எங்களுக்கு ஆடி ஒண்ணுதான் சார் மாசம். மத்ததெல்லாம் அதுல மிச்சம் புடிச்சி ஓட்டுறது. அதுலயும் மலையிலதான் மொத கச்சேரி. கல்வராயன்மலையில ஒரு கோயிலு, வருசா வருசம் நாங்கதான். அங்க பாடுனோம்னு தெரிஞ்சாதான் அடிவாரத்து ஊருங்கள்லாம் போன் பண்ணும். மலை உட்டுப் போச்சின்னா ஆடி போச்சி."

பேசி முடித்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்த ஒரு கணத்தில் தம்பி செல்போனில் படம் எடுத்தார். நல்ல முகம். மேடை முகம் கழன்று, பாட்டும் இல்லாத பேச்சும் இல்லாத ஒரு முகம். ஆனால் பின்னால் நீல நிறத் தண்ணீர் டிரம்மும் சிவப்பு பிளாஸ்டிக் வாளியும் ஆளை விழுங்கிக்கொண்டிருந்தன. தம்பி என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் நிறத்தை மொத்தமாக எடுத்துவிட்டார். டிரம் சாம்பலாகிப் பின்னால் போனது. முகம் முன்னால் வந்தது. கறுப்பு வெள்ளையில் அவர் கண்களுக்குக் கீழே இருந்த களைப்பு அழகாக இருந்தது. படத்துக்குக் கீழே அவர் பெயர், அவ்வளவுதான். பத்திரிகையின் பெயர் மூலையில் சின்ன எழுத்தில். மீதியெல்லாம் வெள்ளை.

"மூச்சு விடுதா டீச்சர்?" என்றார் தம்பி.

"நல்லாவே விடுது" என்றார் டீச்சர்.

விளம்பரம் கேட்டுப் போன இடங்களில் ஜவுளிக்கடைக்காரர், இனிப்புக்கடைக்காரர் எல்லாரும், "புக்கு எங்க, காட்டுங்க" என்று கேட்டார்கள். காட்டுவதற்கு எதுவும் இல்லை. செல்போன் திரையைத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்கள். அதனால், ஃப்ளெக்ஸ் சுருளின் கடைசியில் மிச்சமிருந்த துண்டில் அட்டையைப் பெரிதாக ஒன்று அடித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்று தம்பி சொன்னார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனி மாதக் கடைசியில் ஒரு காலையில் அதை அச்சடித்து, சட்டத்தில் அடித்து, மை உலரட்டும் என்று கடைக்கு வெளியே விளக்குக் கம்பத்தில் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே ஒரு காதுகுத்தைத் தொடங்கினார்.

உச்சி வேளையில் டீச்சர் பள்ளியிலிருந்து எனக்குப் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

"சார், அக்கா தவறிட்டாங்களாம்."

"எந்த அக்கா?"

"நம்ம அக்காதான் சார், அட்டைப்பட அக்கா. எங்க சர்ச் குரூப்புல வந்திருக்கு. கீழ எல்லாரும் ஆழ்ந்த இரங்கல் போட்டுக்கினு இருக்காங்க."

படத்தை அனுப்பச் சொன்னேன். வந்தது. விளக்குக் கம்பம். இளநீர் வண்டியில் பாதி. நடுவில் கறுப்பு வெள்ளையில் அந்த முகம், கீழே பெயர், சுற்றிலும் வெள்ளை.

இந்தப் பக்கத்தில் ஃப்ளெக்ஸை யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. நிறத்தைப் பார்த்தே போய்விடுவார்கள். சிவப்பும் ரோஜாவும் என்றால் கல்யாணம். மஞ்சள் என்றால் பெண் பெரியவளாகிவிட்டாள். கட்சிக்குக் கட்சி ஒரு நிறம். நிறமே இல்லாமல் ஒரு முகமும் பெயரும் ரோட்டோரம் நின்றால், வண்டியில் போகிறவன் கன்னத்தில் ஒரு கை போட்டுக்கொண்டு போவான். மூலையிலிருந்த எங்கள் பத்திரிகைப் பெயரை எவன் படித்தான்?

"டீச்சர், இது நம்ம அட்டை" என்றேன்.

அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துவது மட்டும் கேட்டது.

பாடகியின் எண்ணுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"யாருப்பா அது, செத்தவளுக்குப் போன் பண்றது?"

நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அட்டை உள்ளே சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கச்சிராயபாளையத்திலிருந்து பேண்டு செட்காரர் ஒருவர் கையில் ரோஜா மாலையோடு நின்று, எந்த வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து பாடகியே இறங்கினார்.

மாலையோடு நின்றவர் பின்னால் நகர்ந்து ஷட்டரில் இடித்துக்கொண்டார்.

"குடுங்க" என்று பாடகி கை நீட்டி மாலையை வாங்கினார். முகர்ந்தார். "ஜாஸ்தி குடுத்து வாங்கிட்டீங்க போல. ரொம்ப நன்றிங்க. நெஜமா போறப்ப வெறுங்கையோட வந்தா போதும்."

பிறகு தம்பியிடம் திரும்பினார். "எப்ப தம்பி என்னை எடுத்தீங்க? எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நல்ல பொடவையா கட்டிக்கினு படுத்திருப்பேனே."

தம்பி அழுதுவிட்டார். பெரிய ஆண் அழுவதைப் பார்ப்பது கஷ்டம். மீசை நரைத்தவர் அழுவது இன்னும் கஷ்டம்.

"தெனம் அதத்தான்க்கா அடிக்கிறேன். எனக்குத் தெரியாதா? இத மட்டும் புக்காவே பாத்துக்கினு இருந்துட்டேன். போர்டா பாக்கவே இல்லக்கா. வெளிய வைக்கும்போதுகூட புக்குதான் காயிதுன்னு வச்சேன்."

நான் சுவரைப் பார்த்தேன். மாதக்கணக்கில் நானும் டீச்சரும் அவரைத் தன் தொழிலை மறக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். மறந்துவிட்டார்.

பாடகி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அப்போதுதான் கேலி இறங்கிக் குரல் வேறானது. "மலைக்கோயிலு தலைவரு காலையிலயே படத்த பாத்துட்டாராம். கச்சேரிய உளுந்தூர்பேட்ட குழுவுக்குப் பேசிட்டாங்களாம். எங்க பேடுக்காரருக்கு அங்க மச்சான் ஒருத்தர் இருக்காரு, அவருதான் சொன்னாரு. நான் போன் பண்ணா அந்தத் தலைவரு எடுக்கவே மாட்டேங்கிறாரு. செத்தவ நம்பருல இருந்து போன் வந்தா எவன் எடுப்பான்?"

நேரில் போவது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலையில் தம்பியின் சிறிய லோடு வண்டியில் கிளம்பினோம். பாடகியும் டீச்சரும் முன்னால், நான் பின்னால் சட்டங்களுக்கும் கயிறுகளுக்கும் நடுவில். கோமுகி அணையைத் தாண்டி ரோடு ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சரிந்து மறுபக்கம் திரும்பியது. காற்று குளிர்ந்தது. எனக்கு எதையும் எழுதத் தோன்றவில்லை. மலை மலையாக இருந்தது. இவ்வளவு காலம் அதை என்னென்னவோ ஆக்கி எழுதிவிட்டேன், அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. முன்னால் டீச்சரும் பாடகியும் யார் வீட்டு மாமியார் மோசம் என்று பேசிச் சிரிப்பது கேட்டது. சிரிப்பு நின்ற இடங்களும் கேட்டன.

வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே தள்ளிய ஊர். விழாக் குழுத் தலைவர் மரவள்ளித் தோட்டத்தில் இருந்தார். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். வந்த வேகத்தில் பாடகியின் காலைத்தான் முதலில் பார்த்தார், தரையில் இருக்கிறதா என்று.

"அட, நீங்களா! வாங்கம்மா, வாங்க. நேத்து எங்க வூட்டுல ஒருத்தருக்கும் சோறு எறங்கல."

"நான் நல்லா சாப்புட்டேண்ணே. உயிரோடதான் இருக்கேன். கச்சேரிய எங்களுக்கே குடுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் கேட்டு வாங்குவதுதான் எப்போதும் கடினம். "உங்கள பாத்தது சந்தோசம்தாம்மா. ஆனா நேத்து சாயங்காலமே சாமி முன்னாடி அவங்ககூட வெத்தல பாக்கு மாத்திட்டோமே. அத எப்பிடி திருப்புறது? நீங்க இல்லன்னு ஆனதும் ஊரே பயந்துபோச்சி, கச்சேரி இல்லாம சாமி எறங்குமான்னு. அவசரத்துல மாத்திட்டோம். மாத்துனது மாத்துனதுதான்."

"ஒரு போன் பண்ணி கேட்டிருக்கலாம்ண்ணே."

"யாருக்குப் போன் பண்றது? உங்க நம்பரு ஒண்ணுதானே எங்ககிட்ட இருக்குது. உங்க குழுவுல வேற ஒருத்தரு பேருகூட எங்களுக்குத் தெரியாதே."

பாடகி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூவரும் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றோம். தலைவர் உளுந்தூர்பேட்டைக் குழுக்காரருக்குப் போன் போட்டார். விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். அந்தக் குழுக்காரரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"அக்கா இருக்காங்களா? சாமி புண்ணியம்! விட்டுக்குடுக்கறதுக்கு இல்லீங்க, செட்டுக்கு வண்டி பேசிட்டேன். ஆனா எனக்கு லேடீஸ் வாய்ஸ் இன்னும் செட்டாகல. அக்காவே வந்து பாடட்டும், எனக்கும் நல்லது."

"எங்க குழு பேர்ல பாடறேன்" என்றார் பாடகி.

"போர்டு எங்களுதுக்கா. அது எப்பிடி?"

"சரி, உங்க போர்டு. எங்க ஆளுங்களயும் சேத்துக்குங்க."

"கீபோர்டு, கிதாரு, ஜென்ஸ் வாய்ஸ் எல்லாம் என்கிட்ட இருக்குது. பேடு மட்டும் வேணா வரட்டும்."

"மைக்ல ஒரு தபா எங்க குழு பேரு சொல்லணும்."

"அக்கா..." என்று இழுத்தார். அந்த இழுப்பிலேயே பதில் இருந்தது.

பாடகி வரப்பிலிருந்து எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "வரேன்" என்றார். "பேடுக்காரரோட வரேன்."

இறங்கும்போது அடிவாரத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். தம்பி கண்ணாடித் தம்ளரைச் சுற்றிக்கொண்டே, அட்டையைக் கலரில் போடலாம், பச்சைப் புடவையில் சிரிக்கிற மாதிரி, மேடை விளக்கெல்லாம் வைத்து, என்று சொன்னார்.

"என் மூஞ்சியே வேணாம்" என்றார் பாடகி. "அட்டையில வேற எதுனா போட்டுக்குங்க. உள்ள எனக்கு நடுப்பக்கம் ரெண்டும் வேணும். அந்தத் தலைவரு சொன்னாரு பாத்தீங்களா, ஒரு நம்பருதான் இருக்குதுன்னு. எங்க குழு ஆளுங்க அத்தினி பேரும் பேரோட, போன் நம்பரோட வரணும். நாளைக்கு நான் நெஜமாவே போனாலும் கச்சேரி போகக் கூடாது."

"எல்லா குழுவுக்கும் அப்படிப் போடலாம்க்கா" என்றார் டீச்சர்.

"மத்தவங்களுக்கு அடுத்த மாசம் போடுங்க. இந்த மாசம் எனக்கு."

அந்த நடுப்பக்கத்தில் என் கட்டுரை இருந்தது. நீளமான கட்டுரை. மௌனத்தைப் பற்றி. எடுத்துவிடுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். சொன்னபோது வலிக்கவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம். களைப்பில் ஒரு நன்மை இருக்கிறது, எதையும் இறுக்கிப் பிடிக்கக் கை வராது.

அன்று மாலையே பாடகி கடையில் தம்பியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பெயர்களைச் சொல்லச் சொல்லத் தம்பி அடித்தார். குழுவின் பெயர் மேலே, எவ்வளவு பெரிதாக வருமோ அவ்வளவு பெரிதாக. கீழே ஆட்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே தம்பி தன்னையறியாமல் ஒரு வரி இடம் விட்டுக்கொண்டே போனார். விரல் பழகிவிட்டது.

"எதுக்கு தம்பி இந்த ஓட்ட?"

"கொஞ்சம் எடம் விட்டா பார்வைக்கு நல்லா இருக்கும்க்கா."

"எடம் விட்டு விட்டுத்தான் என்னை சாவடிச்சீங்க. நெரப்புங்க."

டீச்சர் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். தம்பியும் சிரித்தார், இரண்டு நாளில் முதல்முறையாக. சிரித்துக்கொண்டே நிரப்பினார். எண்களைப் பெரிதாக்கினார், தடிப்பாக்கினார். வண்டியில் போகிறவன்கூடப் படிக்கும்படி ஆயிற்று. ஓரம் என்று ஒன்று மிச்சமில்லை.

பிழை திருத்தம் என் வேலை. ஆனால் எண்ணில் பிழை இருக்கிறதா என்று படித்துப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கடை வாசலில் நின்றபடி அச்சான தாளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். கிதார்காரர் எடுத்தார். பின்னால் குழந்தை அழுதது. "எந்த ஊருங்க, எத்தினி மணி நேரம்?" என்றார். பத்திரிகைக்காக எண் சரிபார்க்கிறேன் என்று சொன்னேன். "ஓ" என்றார். ஆண் குரல் பாடுபவர், "ஆடியா, ஆவணியா சார்?" என்றார். அவரிடமும் சொன்னேன். அவரும் "ஓ" என்றார். ஆடி மாதத்துக்கு முன்னால் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு இவர்களுக்கு என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசாமல் வைத்துவிடலாம் என்றிருந்தது. ஒரே ஓர் எண்தான் பாக்கி, கீபோர்டுக்காரருடையது.

உள்ளே திரும்பிப் பார்த்தேன். "அவருக்கு மலைக் கச்சேரி இல்லன்னு சொல்லிட்டீங்களாக்கா?"

"இன்னும் சொல்லல" என்றார் பாடகி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க சொல்ல வேணாம். நம்பர மட்டும் பாருங்க."

போட்டேன். மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார். எங்கேயோ ஏணி மேல் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது.

"சொல்லுங்க சார், தேதி சொல்லுங்க."

"தேதி எதுவும் இல்லீங்க. உங்க நம்பர் சரியான்னு பாக்கத்தான் போட்டேன்."

தூரிகை டப்பாவில் விழும் சத்தம் கேட்டது.

"சரிதான் சார். இதே நம்பர்தான். எப்ப போட்டாலும் எடுப்பேன்."

தாளில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சரி என்று ஒரு குறி போட்டேன்.